கோரைக்கு ஒரு தொட்டி

விலை கொடுத்துக் கோரைக்கிழங்கு வாங்கியவன் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சூட்டியவர் என் பாட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில், ‘டைகர் நட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வீடு சென்றேன். உள்ளே சுண்டைக்காய் வற்றல் போலச் சுருங்கிய பழுப்பு மணிகள். பாட்டி ஒன்றை எடுத்தார், நகத்தால் கீறினார், முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

“மக்களே, இது கோரையில்லா! இதப் பிடுங்கிப் பிடுங்கித்தான் என் நடுவு ஒடிஞ்சுது. இதையா நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்த?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று ஓரளவு உண்டு. அந்த விடையைத்தான் பேரவைத் தோழர்களின் முன் வைக்க விரும்புகிறேன். கிழங்கைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நகைக்க வேண்டா. காலையில் விடுதியில் நாம் உண்ணும் மரச்சீனிக்கிழங்கும் ஒரு காலத்தில் நகைக்கப்பட்ட அயல்நாட்டுப் பண்டந்தான்.

என் ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பூவாருக்கு அருகே உள்ள சிற்றூர். நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் எங்களுக்குத் தொலைவன்று. மறுபுறம் பாறசாலையைக் கடந்து சிறிது சென்றால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வீட்டில் கோரை என்று கேட்ட செடியைப் பள்ளியில் முத்தங்கா என்று படித்தேன். சித்த மருத்துவ நூல்களில் அதற்கு முத்தக்காசு என்றும் பெயர் உண்டு. எல்லைக்கல் மனிதரைப் பிரித்தது, கோரையைப் பிரிக்கவில்லை. கல்லுக்கு இப்புறமும் அப்புறமும் அது ஒன்றுபோலவே முளைக்கிறது. ஒன்றுபோலவே வசையும் கேட்கிறது.

ஆனால் பாட்டி சொன்னது முழுவதும் சரியா? பாதி சரி. நம் வயல் வரம்பிலும் தோட்டத்திலும் முளைக்கும் கோரைக்குத் தாவர நூலார் இட்ட பெயர் ‘சைப்பெரஸ் ரோட்டண்டஸ்’. நான் வாங்கி வந்தது ‘சைப்பெரஸ் எஸ்குலென்டஸ்’. இரண்டும் ஒரே குடும்பம், ஏறத்தாழ உடன்பிறப்புகள். பத்தமடைப் பாய்க்குத் தண்டு தரும் கோரையும் இக்குடும்பத்ததே. இரண்டையும் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டினால் போதும். நம்மூர்க் கோரையின் கிழங்குகள் மணிமாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சரமாய் இருக்கும். மணமுண்டு, ஆனால் கசக்கும். மற்றதில் ஒவ்வொரு வேர்த்தண்டின் நுனியிலும் ஒரு கிழங்கு தனியே நிற்கும், அது இனிக்கும். அதற்குத் தமிழில் ஊரறிந்த பெயர் இல்லையாதலின் இக்கட்டுரையில் இனிப்புக்கோரை என்று அழைக்கிறேன்.

இந்த இனிப்புக்கோரையின் குலப்பெருமை சிறிதன்று. எகிப்தில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்னும் அமைச்சனின் கல்லறைச் சுவரில், இக்கிழங்கை இடித்து மாவாக்கிப் பணியாரம் செய்யும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அது இன்றும் வயலில் விளைகிறது, சந்தையில் விற்கிறது. ஸ்பெயின் நாட்டு வாலன்சியா நகரை ஒட்டிய ஊர்களில் அதற்குச் ‘சூஃபா’ என்று பெயர். அங்கே அதைப் பயிரிடுவது மதிப்புள்ள உழவு. அதிலிருந்து பிழியும் ‘ஓர்ச்சாட்டா’ என்னும் குளிர்பாலுக்காகவே தனிக்கடைகள் உண்டு. நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெயும் ஒலிவ எண்ணெயின் இயல்பினது. இத்தனை செல்வம் ஒரு கோரையின் வேரில்!

நம்மூர்க் கசப்புக் கோரையும் குலம் இழந்ததன்று. சூடானில் வெண்ணைல் ஆற்றங்கரையில் அல் கிடாய் என்னும் தொல்லிடத்தில் கிடைத்த மனித எலும்புகளின் பற்காரையை ஆய்ந்து 2014இல் அறிஞர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அங்கே வாழ்ந்த மக்கள், உழவு தோன்றுமுன்னும் தோன்றிய பின்னும், பல்லாயிரம் ஆண்டுகள் இந்தக் கோரைக்கிழங்கை உண்டுவந்தனர் என்பது அம்முடிவு. அவர்களிடையே சொத்தைப் பல் குறைவாக இருந்ததற்கு இக்கிழங்கும் காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதினர். அதே கோரைக்கு, 1977இல் லிராய் ஹோமும் உடனாசிரியர்களும் வெளியிட்ட உலகக் களைகள் பற்றிய பெருநூல், ‘கொடிய களை’ வரிசையில் முதலிடம் தந்தது. ஒரே செடி, ஓரிடத்தில் உணவு, மருந்து, பிறிதோரிடத்தில் உழவனின் முதற் பகை. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளாதவன் கோரை வளர்க்கப் புகலாகாது. இதுவே என் கருத்தின் வேர்.

நான் இதை நூலிலிருந்து கற்றேன் என்று சொன்னால் பொய்யாகும். தோற்றுக் கற்றேன். முதல் ஆண்டு, பொட்டலத்திலிருந்து பன்னிரண்டு மணிகளை எடுத்து, ஆனி மாதத்துப் பெருமழையில், வீட்டின் பின்புறத்து வாழைத் தடத்தில் நட்டேன். சாணமும் தாராளமாக இட்டேன். விளைவு என்ன? சில அழுகின. மீதி, உரத்தின் செருக்கால் இலையாகவே வளர்ந்தன. வாழை நிழலில் அந்த இலைகளும் வெளிறி நீண்டன. தோண்டிப் பார்த்தபோது பட்டாணி அளவில் நாலைந்து கிழங்கு. போதாக்குறைக்கு ஒரு பெருச்சாளி என்னை முந்திக்கொண்டிருந்தது.

அப்போது பாட்டி சிரிக்கவில்லை. முகம் கடுத்தது. தடத்து மண் முழுவதையும் ஒரு முழ ஆழம் வெட்டி, கல்லரிக்கும் சல்லடையில் சலித்து, ஒரு வேரும் விடாமல் பொறுக்கச் சொன்னார். இரண்டு நாள் வேலை. “ஒண்ணு விட்டா ஊரு விட்ட மாதிரி” என்றார். கிழவியின் பிடிவாதம் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். பின்னர் படித்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் புலப்பட்டது. அமெரிக்காவில் மினசோட்டாவில் இந்த இனத்தின் காட்டு வகையை ஆய்ந்தவர்கள் 1961இல் எழுதியிருக்கிறார்கள்: தடையின்றி விடப்பட்ட ஒரே ஒரு கிழங்கு, ஓராண்டுக்குள் ஏறத்தாழ 1,900 செடிகளையும் 7,000 கிழங்குகளையும் ஈன்றது! விளைச்சல் என்று பார்த்தால் வியப்பு. களை என்று பார்த்தால் அச்சம்.

பாட்டிக்கு இதை யார் சொன்னார்? அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. ஆனால் நாற்பதாண்டு பிறர் வயலில் களை பறித்தவர். நம்மூர்க் கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் தொலையாது என்பது அவருக்குத் தெரியும். சரத்தின் முனையிலுள்ள கிழங்கு தளிர்விட்டு நிற்கும் வரையில் பின்னாலுள்ளவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி சரத்தை அறுத்துவிட்டால் உறக்கம் கலைந்து ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். இது அறிவியல் நூல் கூறும் செய்தி. பாட்டி இதையே, “அறுத்தா அண்ணன் தம்பி பிரிஞ்ச மாதிரி, ஆளுக்கொரு குடும்பம் ஆயிரும்” என்பார். விரல்கள் வளைந்து போகும்வரை சரம் அறாமல் எடுக்கப் பழகிய கைகள் அவருடையவை.

இரண்டாம் ஆண்டு அவர் சொற்படி நட்டேன். எப்படி என்று சுருங்கச் சொல்கிறேன். செய்ய விரும்புவோர்க்குப் பயன்படும்.

ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி போதும். ஒன்றரை அடி ஆழம், நல்ல வெயில் படும் இடம். அடியிலுள்ள நீர்த்துளைகளின்மேல் நெருங்கிய கம்பிவலை பரப்ப வேண்டும். வேர்த்தண்டு வெளியே இறங்காதிருக்க அதுவே காவல். ஆற்று மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் சிறிது. பச்சைச் சாணம் கூடாது. மண் தளர்வாக இருந்தால் கிழங்கு உருண்டு திரளும். களிமண்ணில் கோணலாகும், கழுவுவதும் துன்பம். ஆடிப் பெருமழை ஓய்ந்தபின், ஆவணிக் கடைசியில், கிழங்கை ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து, இரண்டு விரல் ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் ஊன்ற வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். அதன்பின் மண் ஈரம் காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. ஐப்பசி மழை பாதி வேலையைத் தானே செய்துவிடும். இலை தொட்டிக்கு வெளியே சாய்ந்தால் கட்டிவிட வேண்டும். நான்கு மாதத்தில் இலை மஞ்சளித்துத் தலைசாயும். நீரை நிறுத்திப் பத்து நாள் சென்றபின் தொட்டியைக் கவிழ்த்துச் சலித்தால் தை மாதத்தில் கிழங்கு கைக்கு வரும்.

சலித்தபின் செய்வதே முதன்மை. கழுவிய நீரை வயலிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. பொடிக் கிழங்கையும் வேரையும் எருக்குழியில் எறியக் கூடாது. கொதிநீரில் இட்டுக் கொன்ற பின்னரே குப்பைக்கு அனுப்ப வேண்டும். மண்ணை அடுத்த ஆண்டும் அதே தொட்டியில் இடலாம், வேறெங்கும் கொட்டலாகாது. இவ்வளவு காவலா என்பீர்கள். ஆம், இவ்வளவு காவலும் சேர்ந்ததே பராமரிப்பு. உரமிட்டு நீரூற்றுவதை மட்டும் பராமரிப்பு என்று நினைத்ததே என் முதலாண்டுப் பிழை.

அந்தத் தையில் ஒரு நாழி நிறையக் கிழங்கு கிடைத்தது. வெயிலில் உலர்த்தி, இரவு ஊறவைத்து, அம்மா அரைத்துப் பிழிந்தார். பால் தேங்காய்ப்பால்போல வெளுத்து வந்தது. அடுப்பேற்றினால் மாவுச்சத்துத் தடித்துக் கூழாகிவிடும் என்று படித்திருந்ததால் பச்சையாகவே கருப்பட்டியும் ஏலமும் சேர்த்தோம். பாட்டிக்கு முதற் கிண்ணம். குடித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. திருவிதாங்கூருக்கு அரிசி வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. அந்தப் பஞ்ச காலத்தில், மரச்சீனியும் கிட்டாத நாள்களில், பாட்டியின் தாய் வயல் வரம்பில் கோரைக்கிழங்கு கிண்டி, தீயிலிட்டு, தோல் உரித்துத் தம் மூத்த பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். கசக்காமலிருக்கப் பலமுறை நீர் மாற்றி ஊறவைப்பாராம். “இதை வெளியில சொல்லப்பிடாதுன்னு அம்மை சொல்லியிருந்தா. கோரை தின்ன குடும்பம்னு சிரிப்பாங்க இல்லியா?” என்றார் பாட்டி. கடைப் பொட்டலத்தைக் கண்டு அவர் அன்று நெடுநேரம் சிரித்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஒரு குடும்பம் பிழைத்த வழி, அக்குடும்பத்துக்கே மானக்கேடாகத் தோன்றி, எண்பது ஆண்டு மண்ணில் புதைந்து கிடந்தது. எந்தக் கிழங்கு, எந்தப் பருவத்தில், எத்தனை முறை நீர் மாற்றி, எவ்வாறு உண்பது என்னும் அறிவும் அதனோடு புதைந்தது. இன்று அதே இனத்தின் மற்றொரு கிழங்கு, அழகிய உறையில், ஆங்கிலப் பெயரில், உயர்ந்த விலையில் வந்தால் நாம் நாணாமல் வாங்குகிறோம். உணவில் மாற்றம் இல்லை, உறையில்தான் மாற்றம். இந்த நாணத்தை நாம் விட்டொழிக்க வேண்டாமா?

நாணத்தை விடுக என்றால் எச்சரிக்கையையும் விடுக என்று பொருள் கொள்வார் உளர். என் நண்பர் ஒருவர் இந்தப் பாலைச் சுவைத்துவிட்டு உற்சாகத்தோடு சொன்னார்: “உங்கள் ஏலா தரிசாகத்தானே கிடக்கிறது! முழுவதும் இதையே நட்டால் என்ன? நல்ல விலை கிடைக்குமே!” அவர் கேட்டது நியாயமே. கேரளத்தில் 1970களின் நடுவில் ஏறத்தாழ எட்டேமுக்கால் இலட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. அது தேய்ந்து தேய்ந்து இன்று ஏறக்குறைய இரண்டு இலட்சத்தில் நிற்கிறது. நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்க 2008இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எங்கள் ஏலாவிலும் நெல் போய் வாழை வந்தது, வாழை போன இடத்தில் சில வீடுகள் வந்தன, எஞ்சியது தரிசு. உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வருவாய் தரும் எந்தப் பயிரையும் இகழ எனக்கு உரிமை இல்லை.

ஆயினும் நான் அதை எதிர்க்கிறேன். காரணம் கூறுகிறேன். ஏலா ஒருவர் தொட்டி அன்று. மேல் வயலின் நீர் கீழ் வயலுக்குப் பாயும். நீரோடு கிழங்கும் பாயும். என் வயலில் நான் ஊன்றியது, என்றேனும் நெல் விதைக்க எண்ணும் அயலார் வயலில் களையாக முளைக்கும். அதைப் பறிக்கக் குனியப் போவது யார்? என் பாட்டியைப் போன்ற இன்னொருத்தி. ஆதாயம் ஒருவருக்கு, நடுவொடிவு வேறொருவருக்கு என்றால் அது உழவாகுமா? மேலும், தரிசு ஏலாவுக்கு வேண்டியது நெல்லை மீட்கும் வழி. மீளாதபடி செய்யும் பயிரை அதில் இறக்குவது, நோயாளிக்கு மருந்து என்று எண்ணி அவன் படுக்கையை விற்பது போன்றது.

“மரச்சீனியும் அயற்பயிர்தானே? அதை ஏற்றோமே!” என்று அவர் விடவில்லை. நல்ல வினா. தென்னமெரிக்காவில் பிறந்த மரச்சீனியைத் திருவிதாங்கூர் மக்களிடையே பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அப்பயிர் வெறும் தண்டாக வரவில்லை. கசப்பு வகை எது, அதன் நஞ்சு நீங்க எப்படி நறுக்கி வேகவைத்து நீரை வடிப்பது என்னும் அறிவும் அதனோடு வீடுதோறும் சென்றது. அது தண்டு ஊன்றிய இடத்தில் நிற்கும் பயிர். வரம்பு தாண்டி ஓடாது. 1963இல் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, அறிஞர்களின் துணையும் அதற்குக் கிடைத்தது. இனிப்புக்கோரை நம்மிடம் வரும்போது விலைச்சீட்டு மட்டுமே உடன் வந்திருக்கிறது. அறிவு பின்னால் வரட்டும். அதுவரை தொட்டியில் இருக்கட்டும்.

ஆகவே பேரவைத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: நம் விடுதி மாடியில் வெயில் வீணே காய்கிறது. அங்கே இரண்டு தொட்டி வைப்போம். ஒன்றில் இனிப்புக்கோரை, ஒன்றில் நம்மூர்க் கோரை. தையில் இரண்டையும் கவிழ்த்துப் பார்ப்போம். சரமும் தனிமணியும் கண்ணால் காண்பது பத்துப் பக்கப் பாடத்துக்கு ஒப்பாகும்.

இரண்டு: விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, களை பறித்த கைகளை உடைய பாட்டிமாரிடம் உட்காருங்கள். பஞ்சத்தில் என்ன உண்டீர்கள் என்று நேரே கேட்காதீர்கள், சொல்ல நாணுவார்கள். ஒரு கிழங்கை அவர்கள் கையில் கொடுங்கள். அது பேச வைக்கும். கேட்டதைக் கேட்ட சொல்லிலேயே எழுதிக் கொணருங்கள். இம்மலரில் அதற்கு இடம் ஒதுக்குவோம்.

மூன்று: ஸ்ரீகாரியம் நமக்கு எட்டாத ஊரன்று. காச்சிலும் சேனையும் சேம்பும் சிறுகிழங்கும் பற்றி அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் சென்று, கோரை பற்றியும் கேட்டு வருவோம். நம் பாட்டிமாரின் சொல்லையும் அவர்களிடம் எடுத்துச் செல்வோம்.

இவ்வாண்டும் ஆவணியில் நட்டேன். சென்ற வாரம் வீட்டிலிருந்து தொலைபேசியில் பாட்டி பேசினார். “மக்களே, தொட்டிக்கு வெளியில ஒண்ணு தலை நீட்டிச்சு. பிடுங்கி அடுப்பில போட்டுட்டேன்” என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், “உள்ளே உள்ளது நல்லா நிக்கி. தண்ணி நான் ஊத்துறேன். நீ படி” என்றார்.

தொட்டிக்கு உள்ளே நீரூற்றும் கையும் வெளியே தலை நீட்டியதைப் பிடுங்கும் கையும் ஒரே கை. அந்தக் கையிடம் நாம் கற்போமாக.